பெயர் இங்கே, ஆள் அங்கே

ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு கத்தோலிக்கச் சவக்காலையின் கிழக்கு மூலையில், வேலியோரமாக ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. அந்தக் கல்லில் எமில்டாவின் பெயர் ஏறிப் பத்தொன்பது வருடமாகிறது. அவள் இன்னும் சாகவில்லை. அதே ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட்டில் ஏழாம் மாடியில் இருக்கிறாள். அறுபத்தெட்டு வயது. முழங்கால் பழுது, வாய் பழுதில்லை.

கல்லின் இடப்பக்கம் அந்தோனிப்பிள்ளை சீமோன், 1952, பிறகு ஒரு கோடு. வலப்பக்கம் சீமோன் எமில்டா, 1957, பிறகு இன்னொரு கோடு. கோடுகளுக்கு அப்பால் வெறும் வழுவழுப்பு. சீமோன் அவளுடைய கணவன். கல் நாட்டியபோது அவனும் உயிரோடுதான் இருந்தான், ஆனால் கனடாவில் அல்ல, இங்கிலாந்தில். பக்கத்தில் இல்லாத மனிதனுக்கு ஏன் இடம் வாங்குகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. தாலி ஏறிய கழுத்துக்காரி தனிக்குழி வாங்கினால் சனம் என்ன கதைக்கும்? இரட்டைக் குழிதான் வாங்கினாள். இருக்கும்போது ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவர முடியாத ஆளைச் செத்த பிறகாவது ஒரு கல்லுக்குக் கீழே கொண்டுவந்து போடலாம் என்பது அவள் எண்ணம்.

செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, ஒவ்வொரு வருடமும், அவள் அந்தக் கல்லைக் கழுவப் போவாள். ஒரு வாளி, பழைய பல்துலக்கி, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ. காரில் கொண்டுபோய் விடுகிறவள் யோகமலர். மில்லிக்கனில் இருக்கிறாள், எமில்டாவோடு இருபது வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தவள். சைவ சமயக்காரி. அவளுக்கு இந்தக் கல் விவகாரம் எப்போதும் சிரிப்பு.

"உயிரோடை இருக்கேக்கை தன்ரை கல்லுக்கு ஷாம்பூ போட்டு முழுகவாக்கிற ஒரே மனிசி இந்த ரொறன்ரோவிலை நீங்கள்தான், எமில்டாக்கா. எங்கடை ஆக்கள் எரிச்சுப்போட்டு வீட்டை போய்க் குளிச்சால் அலுவல் முடிஞ்சுது. நீங்கள் செத்தாப்பிறகு இருக்கவும் வீடு வாங்கிறீங்கள்."

"நாளைக்கு நான் படுக்கிற இடமடி. அழுக்கிலை படுக்கேலுமே?"

"அப்ப அவற்றை பக்கத்தை ஏன் தேய்க்கிறீங்கள்?"

"வந்து தானே தேய்ப்பார் எண்டு நினைக்கிறியே? அந்த மனிசன் தான் சாப்பிட்ட கோப்பையையே கழுவினதில்லை."

எண்பத்தேழில் சீமோன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டான். கனடா என்று சொல்லிக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அவனை லண்டனில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். மூன்று வருடம் கழித்து எமில்டா ஐந்து வயது மகள் நிரோஷினியைத் தூக்கிக்கொண்டு வேறு வழியால் ரொறன்ரோ வந்து சேர்ந்தாள். அவன் அங்கே, இவள் இங்கே. "பேப்பர் கிடைச்ச உடனை வாறன்" என்று சீமோன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு. பிறகு வருடத்தில் இரண்டு தரம், பாஸ்காவுக்கும் நத்தாருக்கும். அந்த விசாப் பேப்பர் மட்டும் வரவேயில்லை.

எமில்டாவுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது. விமானத்தில் சாப்பாடு கொடுக்கிறார்களே, அந்தத் தட்டுகளை அடுக்குகிற பெரிய சமையற்கூடம். இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் ஏறிப் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று பாணும் பட்டரும் கரண்டியும் வைத்தாள். லண்டன் விமானத்துக்குப் போகிற தள்ளுவண்டிக்கு ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அந்தச் சீட்டைக் கண்டால் அவள் தட்டுகளைக் கொஞ்சம் சீராக அடுக்குவாள். போகிற பிளேன் திரும்பி வரும்தானே, அதில் ஒருநாள் இந்த மனிதன் ஏறி வந்துவிட மாட்டானா என்று ஒரு நினைப்பு.

ஒருமுறை லண்டன் போய்வந்த ஒருவர், பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து, சீமோனை அங்கே ஒரு சந்தையில் கண்டதாகச் சொன்னார். ஒரு வெள்ளைக்காரி பக்கத்தில் நின்றாளாம். சீமோன் இறால் பொறுக்கி அவள் பைக்குள் போட்டானாம். "அது அவற்றை முதலாளியா இருக்கும்" என்றாள் எமில்டா. அன்றோடு அந்த மனிதருக்கு முகம் கொடுப்பதை நிறுத்தினாள். சீமோனிடம் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோகமலர் பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். எமில்டா அந்தக் கேள்விக்கு மட்டும் செவிடு.

இப்படி இருக்க, இந்த வருடம் மாசி மாதத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எமில்டாவுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. நிரோஷினி வேலையால் வந்து, குளிர்கோட்டைக் கழற்றாமல், குசினி மேசையில் வைத்து உடைத்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை?"

"அம்மா... அப்பா செத்துப்போயிட்டார். ஜனவரியிலை."

எமில்டா சிலுவை அடையாளம் போட்டாள். அழுகை வரவில்லை. "வாசி" என்றாள்.

எழுதியவள் பெயர் மொரீன். சீமோனோடு இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். சீமோனுக்கு நெஞ்சு வருத்தம், இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தான், அவள்தான் பார்த்தாள். அவன் விருப்பப்படியே வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு சிறு காட்டில் அடக்கம் செய்தாள். பெட்டியில்லை, பிரம்பு மாதிரி ஒரு கொடியில் பின்னிய கூடை. மேலே ஒரு செரி மரக்கன்று. அவனுடைய பிஸ்கட் ரின்னுக்குள் முப்பத்தொரு நத்தார்க் கார்டுகள் கட்டி இருந்தனவாம். கார்டுகளில் இருந்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறாளாம்.

"கூடையிலையோ?" எமில்டா எழுந்துவிட்டாள். "மீன் கூடையிலை வைச்சோ மனிசனைப் புதைச்சவள்? பெட்டி வாங்க வக்கில்லாட்டி எனக்கொரு கோல் அடிச்சிருக்கலாமே! சிலுவை?"

"சிலுவை இல்லையாம். அங்கை ஒண்டும் வைக்க விடமாட்டினமாம்." நிரோஷினி கடிதத்தை மடிக்கப் பார்த்தாள்.

"முதல் வரி என்ன? நீ முதல் வரி வாசிக்கேல்லை."

நிரோஷினி ஜன்னலைப் பார்த்தாள். "அம்மா, ஷீ திங்ஸ் யூ ஆர் ஹிஸ் சிஸ்ரர். 'சீமோனின் அன்புத் தங்கைக்கு' எண்டு எழுதியிருக்கு. போனிலை கதைக்கிறது கனடாவிலை இருக்கிற தங்கச்சி எண்டு சொல்லி வைச்சிருக்கிறார்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எமில்டா போய் அதை இறுக்கிப் பூட்டினாள்.  மூன்றாம் நாள் விடிய, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரிக்கெற் போடு" என்றாள்.

"எங்கை?"

"அந்தக் காட்டுக்கு."

"ஆர் யூ சீரியஸ்? முப்பத்தெட்டு வருசமா அந்த மனுசன் எங்களைப் பாக்க வரேல்லை. நீங்கள் ஏனம்மா போறீங்கள்?"

"அவர் வரேல்லை எண்டுதான் நான் போறன். எனக்கு அங்கை ரெண்டு அலுவல் கிடக்கு. தங்கச்சியில்லை, பெண்சாதி எண்டு அவற்றை குழிக்குப் பக்கத்திலை நிண்டு சொல்லோணும். பிறகு அந்தக் குழியிலையிருந்து ஒரு பிடி மண் கொண்டந்து இஞ்சை அவற்றை பேருக்குக் கீழை போடோணும். மனிசன் வராட்டி மண்ணாவது வரட்டும். ஆளில்லாத இடத்திலை பேரை வைச்சுக்கொண்டு அந்தக் கல்லு எத்தினை வருசம் பொய் சொல்லும்?"

நிரோஷினி தான் வரவில்லை என்றாள். அவளுக்குத் தகப்பன் என்றால் ஒரு போன் சத்தம். அந்தச் சத்தத்தைப் புதைத்த இடத்தைப் பார்க்க அவளுக்கு அவசியமில்லை. ஆனால் மொரீனுக்கு எழுதி, நாள் குறித்து, வைகாசியில் ரிக்கெற் போட்டுக் கொடுத்தாள். எமில்டா ஒரு காலி ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். உள்ளங்கை அளவில் ஒரு மரச் சிலுவை. கலியாணப் படம் ஒன்று, பழைய துணியில் சுற்றி. யோகமலர் விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது, கருவாடு கொண்டுவந்து பழகிய அனுபவத்தில், ஒரு புத்தியும் சொன்னாள்: "திரும்பி வரேக்கை என்ன கொண்டு வந்தனீங்கள் எண்டு மெஷினிலை கேட்பாங்கள். என்ன கேட்டாலும் நோ எண்டு அமத்துங்கோ. விளங்கிச்சோ?"

விமானத்தில் சாப்பாடு வந்தது. எமில்டா தட்டைப் பார்த்தாள். பட்டர் பிழையான மூலையில் இருந்தது. கரண்டி இப்போது மரமாம். அதைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், மண் தோண்ட உதவும் என்று.

லண்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்தெழும்பி, றெயினில் ஒன்றரை மணித்தியாலம். இறங்கிய ஸ்ரேஷனில் மொத்தம் இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒருவர் நாயோடு. மற்றவள் மொரீன். உயரமான மனிசி, எழுபதுக்கு மேலே இருக்கும், கையில் ஊன்றுகிற பொல்லு. எமில்டாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். "அவருடைய கண்கள் உங்களுக்கும் இருக்கின்றன" என்றாள்.  அவளுடைய இங்கிலீசு பெல்ட்டுக்கு முன்னால் நின்று படித்த இங்கிலீசு. வேலைக்குக் காணும், கோபத்துக்குக் காணாது.

கார் போய் ஒரு வேலிக் கதவடியில் நின்றது. முதல்நாள் மழை பெய்திருந்தது. மொரீன் பின்சீற்றிலிருந்து ஒரு சோடி நீட்டு ரப்பர்ச் சப்பாத்தை எடுத்து வைத்தாள்.

"சேறு அதிகம். இதைப் போடுங்கள். சீமோனுடையது. அவருக்குச் சின்னக் கால், உங்களுக்குச் சரிவரும்."

எமில்டா அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள். அவள் அறிந்த சீமோன் வெறுங்காலோடு கடற்கரையில் நடந்தவன். அவனுக்கு என்ன அளவு சப்பாத்து என்று அவளுக்குத் தெரியாது. இந்த மனிசிக்குத் தெரிகிறது. "வேண்டாம்" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தான் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தோடு சேற்றில் கால் வைத்தாள். முதல் அடியிலேயே கணுக்கால்வரை போனது. பிறகும் கழற்றவில்லை, வாங்கவுமில்லை. பிடிவாதம் பிடித்தால் அவள் அப்படித்தான்.

காடு என்றார்களே, அது இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஸ்காபரோவில் ஒரு பிளாஸாவை அதன் கார்ப்பார்க்கோடு தூக்கி அங்கே வைத்தால் காடு முடிந்துபோகும். மரங்களுக்கு நடுவால் பார்த்தால் அந்தப் பக்கத்து வயலும் அதில் மேய்கிற செம்மறிகளும் தெரிந்தன. பயப்பட ஒன்றுமில்லாத காடு. நிலமெல்லாம் நீலப் பூ, முழங்காலுக்குக் கீழே, புகை படிந்த மாதிரி. எங்கேயும் ஒரு மேடு இல்லை, கல் இல்லை, பெயர் இல்லை. வாசலில் ஒரு பலகை மட்டும். மொரீன் அதை வாசித்துச் சொன்னாள்: சிலுவை, படம், மெழுகுதிரி, பிளாஸ்ரிக் பூ ஒன்றும் நிலத்தின் மேல் வைக்கக் கூடாது.

"அப்ப ஆள் எங்கே கிடக்கிறார் என்று எப்படித் தெரியும்?"

"எண்ண வேண்டும்" என்றாள் மொரீன். வெட்டிய ஓக் மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. அதிலிருந்து பொல்லால் காட்டிக் காட்டி எண்ணினாள். மூன்றாவது.

முயல் கடியாமல் இருக்க ஒரு பிளாஸ்ரிக் குழாய், அதற்குள் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் ஐந்தாறு இலை. அவ்வளவுதான் சீமோன். முப்பத்தெட்டு வருடம் பார்த்திருந்த மனிதன். எமில்டா குழாயைப் பார்த்தபடி நின்றாள். செபமாலையைக் கையில் எடுத்தாள், முதல் மணிக்கு மேலே விரல் போகவில்லை. பக்கத்தில், இரண்டு கையை விரித்தால் எட்டும் தூரத்தில் ஒரு சிறு மரமுளை அடித்திருந்தது. அதில் ஒரு இலக்கம்.

"அது என்ன?"

"அது எனக்கு" என்றாள் மொரீன். "அவருக்கு வாங்கியபோதே எனக்கும் வாங்கிவிட்டேன்."

எமில்டாவுக்கு ஸ்காபரோக் கல் கண்ணுக்குள் வந்தது. தான் வாங்கிய பக்கத்து இடம். இங்கேயும் ஒருத்தி பக்கத்து இடம் வாங்கி வைத்திருக்கிறாள். வித்தியாசம் ஒன்றுதான், இவளுடைய இடத்துக்குப் பக்கத்தில் ஆள் உண்மையிலேயே கிடக்கிறான்.

வயிற்றெரிச்சலில் கேட்டாள். "ஏன் கூடையில் வைத்தாய்? எங்கள் ஊரில் மீனைத்தான் கூடையில் வைப்போம்."

மொரீனின் முகம் மலர்ந்தது. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. "அவரும் அதையேதான் சொன்னார்! புத்தகத்தில் படம் காட்டினார்கள். இது வேண்டும் என்று கையை வைத்தார். அப்பாவின் மீன் கூடை மாதிரி இருக்கிறது, என்னை இதில் போடு என்றார். அன்றைக்கு எவ்வளவு சிரித்தார் தெரியுமா? அப்பா கரைக்கு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் கூடையைத் தூக்க ஓடுவீர்களாமே."

கூடை தூக்க ஓடியது உண்மை. ஆனால் ஓடியது தங்கை அல்ல. கலியாணமான முதல் வருடம், மாமனார் வள்ளத்தால் இறங்க, சீமோன் ஒரு காதும் எமில்டா மறு காதுமாகப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களை எடுத்துத் தங்கை என்ற பெயரை ஒட்டி இந்த மனிசிக்குக் கொடுத்திருக்கிறான். இத்தனை வருடம் தனக்குச் சொல்லாத கதையை இங்கே சொல்லிச் சிரித்திருக்கிறான். கூடைக்கு இவளைத் திட்டலாம் என்று வந்தவளுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

எமில்டா துணியை அவிழ்த்துப் படத்தை எடுத்து நீட்டினாள். "நான் சிஸ்ரர் இல்லை" என்றாள். "வைஃப்."

மொரீன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மெல்லிய வெள்ளைச் சேலையும் தலையில் கிரீடமுமாக எமில்டா, பக்கத்தில் கோட்டுப் போட்ட சீமோன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த ஓக் கட்டையில் போய் இருந்தாள். செம்மறி ஒன்று கத்தியது.

"உனக்குத் தெரியாதா?" என்று எமில்டா கேட்டாள்.

"அவர் போன் எடுக்கத் தோட்டத்துக்குப் போவார். தங்கையோடு பேச ஒருவர் ஏன் மழையில் வெளியே நிற்க வேண்டும்?" மொரீன் படத்தைத் திருப்பித் தந்தாள். "நான் கேட்டதில்லை."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டால் பதில் சொல்லிவிடுவார்."

 கோயில் வாசலில் இறால் கதை சொன்ன மனிதரின் ஞாபகம் எமில்டாவுக்கு வந்திருக்கும். ஆனாலும் அந்த மனிசியின் தோளில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் கதை நன்றாகத்தான் இருக்கும், அவள் வைக்கவில்லை. குனிந்து, முழங்கால் நோக நோக, குழாயின் அடியில் மரக்கரண்டியைக் குத்தினாள். இரண்டாம் தரம் அது முறிந்தது. விரலால் தோண்டினாள். களிமண், கறுப்பு, இலை மக்கிய வாசம். சவ அடக்கத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போடுவார்கள். பெண்சாதி முதலில் போட வேண்டும். போட வேண்டியவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் பாதிக்கு வந்ததும் சிலுவையை எடுத்தாள்.

"அதை வைக்க முடியாது" என்றாள் மொரீன் மெதுவாக.

"நிலத்துக்கு மேலேதானே விதி" என்ற எமில்டா, தோண்டிய குழிக்குள் அதைப் படுக்க வைத்து மண்ணால் மூடி, கையால் தட்டி, மேலே இரண்டு நீலப் பூவையும் இழுத்து விட்டாள்.

வாசலடிக்கு வரும்போது மொரீன் நின்றாள். "நான் அவருக்குப் பக்கத்தில் வருவது உங்களுக்கு..." 

"உன்னுடைய இடம். நீ படு" என்றாள் எமில்டா. "எனக்கு அங்கே இருக்கிறது."

ஸ்ரேஷனில் மொரீன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள். எமில்டா வாங்கவில்லை. றெயின் வரும்வரை இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில், நடுவில் ஆறிப்போகிற கோப்பையை வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

மறுநாள் ரொறன்ரோ விமான நிலையத்தில் யோகமலர் சொன்ன, சுங்கக் கேள்வி கேட்கிற மெஷின் அவளுக்கு முன்னால் நின்றது. மொழிகளுக்குள் தமிழ் இல்லை. உதவிக்கு நின்ற பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அமத்தினாள். இறைச்சி? இல்லை. செடி, விதை? இல்லை. மண்?

யோகமலர் சொன்னது காதுக்குள் நின்றது. கருவாட்டுக்கும் பனங்கிழங்கு ஒடியலுக்கும் எத்தனையோ சனம் நோ அமத்தி வந்த வாசல் இது. எமில்டாவும் அமத்தியிருக்கலாம். ஆனால் நேற்றுத்தான் ஒரு பொய்யை இத்தனை வருடத்துக்குப் பிறகு தோண்டி வெளியே போட்டு வந்தவள். அந்த மனிதனை இன்னொரு பொய்க்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்கு மனமில்லை.

"யெஸ்" என்றாள்.

வேறொரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே சீருடையில் நின்றது நம் தமிழ்ப் பிள்ளை ஒன்று, சட்டையில் துவாரகா என்று பெயர். எமில்டாவின் முகத்தையும் சேலையையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"அன்ரி, மண் இருக்கெண்டு வந்திருக்கு. பூச்சாடி மண்ணோ?"

"என்ரை மனிசன்."

"சாம்பலோ? சாம்பலெண்டால் பிரச்சினையில்லை, பேப்பர் இருந்தால்—"

"சாம்பலில்லை பிள்ளை. புதைச்ச இடத்து மண்."

துவாரகா கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தாள். ஒரு கணம் பார்த்தாள். "புழு இருக்கு அன்ரி."

"இருக்கும்தானே."

"மண் உள்ளை விட ஏலாது. பயிர் வருத்தம் எல்லாம் மண்ணிலைதான் வரும். சொறி, அன்ரி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்? இல்லையெண்டு அமத்தியிருந்தால் ஒருத்தரும் பாத்திருக்கமாட்டினம்."

"அப்பிடித்தான் எல்லாரும் செய்யினம்."

"வாட்?"

"ஒண்டுமில்லை. ஒரு சிட்டிகை தா பிள்ளை. நகத்துக்குள்ளை அடங்கிற அளவு காணும்."

"ஏலாது அன்ரி. கமரா இருக்கு."

துவாரகா பெட்டியை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பின்னால் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே யாரோ கொண்டுவந்த மாம்பழம், ஒரு சொசேஜ் பைக்கற். அதற்கு மேலே பையை வைத்தாள், எறியவில்லை, வைத்தாள். அந்தப் பிள்ளையின் நல்ல மனது அது. அந்தோனிப்பிள்ளை சீமோன் கனடாவுக்கு வந்து சேர்ந்தது அந்த அளவுக்குத்தான்.

வெளியே நிரோஷினி நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்து மண்ணைப்பற்றிக் கேட்கவில்லை. கார் பெருந்தெருவில் ஏறிய பிறகு, "அவ என்ன மாதிரி?" என்றாள்.

"நல்ல மனிசி. அதுதான் எரியுது."

சிவப்பு விளக்கில் கார் நின்றபோது எமில்டா தன் கையைப் பார்த்தாள். வலக்கைச் சுட்டுவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் போகாத களிமண். மேசையில் கெஞ்சிக் கேட்ட அளவு, அதே அளவு, கமராவுக்கும் தெரியாமல் கூடவே வந்திருந்தது. ஊசியால் கிண்டி எடுத்துச் சவக்காலைக்குக் கொண்டுபோகலாம். வீடு வரும்வரை கையைப் பொத்தி வைத்திருந்தாள். ஏழாம் மாடிக்கு ஏறி, சப்பாத்தைக் கழற்றி, குழாயடிக்குப் போனாள். பல்துலக்கியை எடுத்துத் தேய்த்தாள். வெள்ளை நகம் தெரியுமட்டும் தேய்த்தாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"பெண்சாதியிட்டை வாற மனிசன் நேரை வாசலாலை வரோணும். நகத்துக்கை ஒளிச்சுக்கொண்டு வரத் தேவையில்லை."

ஆனியில், கல்லில் எழுத்து வெட்டுகிற செல்வரட்ணத்துக்கு யார் சொன்னார்களோ, அவராகவே போன் எடுத்தார். சவக்காலையில் சந்தித்தார்கள். யோகமலரும் காரை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"கேள்விப்பட்டன் அக்கா. வருசம் போட்டுவிடுவமோ? ரெண்டாயிரத்து இருபத்தைஞ்சு. ஒரு மணித்தியால வேலை."

"வேண்டாம் தம்பி."

"அப்ப பேரை எடுக்கிறதெண்டால் கல்லை ஒரு பக்கம் அரைக்கோணும். உங்கடை பக்கமும் கொஞ்சம் பழுதுபடும்."

"அதுவும் வேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும். கோடும் கிடக்கட்டும்."

"பாக்கிற சனம் இவர் இன்னும் உயிரோடை இருக்கிறார் எண்டெல்லே நினைக்கும்?"

"நினைக்கட்டும். வாறன் வாறன் எண்டு சொன்னவர். எனக்கு அவர் இன்னும் வந்து சேரேல்லை. வந்த அண்டைக்கு வருசத்தைப் போடுவம்."

செல்வரட்ணம் யோகமலரைப் பார்த்தார். யோகமலர் நிலத்தைப் பார்த்தாள்.

ஐப்பசி முடிந்து ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. குளிர் காற்று. எமில்டா வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்துகொண்டு, ஷாம்பூவை ஊற்றி, எழுத்தின் பள்ளங்களுக்குள் பல்துலக்கியை விட்டுத் தேய்த்தாள். தன் பெயர், தன் வருடம், தன் கோடு. தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்தாள். நடுவில் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"அவற்றை பக்கம் கிடக்கு அக்கா" என்றாள் யோகமலர். "நான் தேய்க்கட்டே?"

"விடு."

"பறவை எச்சமெல்லாம் காய்ஞ்சு போய்க் கிடக்கு."

"கிடக்கட்டும். அங்கை அவருக்கு மழை கழுவுது. மொரீன் வேறை போய்ப் போய்ப் பாக்கிறா."

எமில்டா மிச்சத் தண்ணீரைப் புல்லில் ஊற்றினாள். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வலப்பக்கத்தில் தன் பெயரடியில் வைத்து, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.